மைக் இல்லாத மேய்ப்பர்கள்

திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாக இருக்கும். ஜங்ஷனில் ஒரு பெரிய பிளக்ஸ் போர்டு. அதில் கோட் சூட் போட்ட ஒருவர். ஒரு கையில் மைக், இன்னொரு கை வானத்தை நோக்கி. பேருக்கு முன்னால் 'அப்போஸ்தலர்', 'தீர்க்கதரிசி', 'டாக்டர்' என்று ரயில் பெட்டி மாதிரி பட்டங்கள். கீழே தீப்பெட்டி அளவில் வரிசையாகக் கமிட்டிக்காரர்களின் முகங்கள். கட்சி மாநாட்டு போர்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், வேட்டிக்குப் பதில் கோட் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை :-)

நான் சொல்ல வருவது இதுதான். கிறிஸ்தவர்களாகிய நாம் 'ஆன்மிகத் தலைவர்' என்று யாரைக் காட்டுகிறோமோ அவர்களில் பலர் யாரையும் நடத்துவதில்லை. நம்மை நடத்திக்கொண்டு வந்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்குப் பட்டம் இல்லை, மைக் இல்லை, கமிட்டியில் இடமும் இல்லை. அதைவிட மோசம், அவர்கள் அப்படி இருப்பதுதான் அழகு என்று நாமே ஒரு தத்துவமும் செய்து வைத்திருக்கிறோம். அந்தத் தத்துவத்தோடுதான் எனக்குச் சண்டை.

(கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் தாராளமாகப் படிக்கலாம். உங்கள் ஊர்க் கோயிலிலும் உங்கள் வீட்டிலும் இதே கதை வேறு பெயரில் நடந்துகொண்டுதான் இருக்கும்.)

தலைவர் யார் என்று கண்டுபிடிக்க நான் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். உங்கள் சபையை நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

ஒன்று. ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டில் ஒரு சாவு. முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்?

இரண்டு. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் வருஷக்கணக்கில் இருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் போய் உட்கார்ந்து காபி குடிக்க முடிகிற ஆள் யார்?

மூன்று. மூன்று ஞாயிற்றுக்கிழமையாக ஒரு குடும்பம் கோயிலுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாருக்குத் தெரியும்?

மூன்றுக்கும் பிளக்ஸ் போர்டில் இருப்பவரின் பெயரைச் சொன்னால் நீங்கள் பாக்கியசாலி. இந்தப் பதிவை இத்தோடு மூடிவிட்டுப் போகலாம். எனக்குத் தெரிந்தவரை பெரும்பாலான ஊர்களில் பதில் ஒரு அத்தையாக இருக்கும். அல்லது உபதேசியார். அல்லது கோயிலைப் பெருக்கி மணி அடிக்கிறவர். அல்லது சண்டே ஸ்கூலில் முப்பது வருஷமாகச் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கும் ரிட்டயர்டு டீச்சர்.

எங்கள் ஊரில் பதில் ஒரு பீடி சுற்றும் அத்தை. (ரத்த உறவு இல்லை. ஊரே அத்தை என்று கூப்பிடும்.) மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும், கை ஓடிக்கொண்டே இருக்கும். யார் வந்து எதிரில் உட்கார்ந்தாலும் பேச்சு நடக்கும். புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று வருகிறவள், பத்தாவதில் பெயில் ஆகிவிட்டு வீட்டுக்குப் போகப் பயந்து வருகிற பையன், எல்லாருக்கும் அந்தத் திண்ணைதான். அத்தை பிரசங்கம் பண்ணிப் பார்த்ததில்லை. "சரி, சாப்பிட்டியா?" என்றுதான் ஆரம்பிக்கும். கடைசியில் ரெண்டு நிமிஷம் கண்ணை மூடி ஜெபம். அப்போது மட்டும் கை நிற்கும். பீடிக்குக் கூலி எண்ணிக்கைக் கணக்கு என்பதால் அந்த ரெண்டு நிமிஷத்துக்கும் ஒரு விலை இருக்கிறது என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது. அத்தை வீட்டு அடுப்படியில் ஒரு பிடியரிசிக் கலயமும் உண்டு. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி அதில் போகும். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். இப்படிப் பிடிப்பிடியாகச் சேர்ந்த அரிசியும் கோயில் வருமானம்தான். ஆனால் கோயில் கல்வெட்டில் யார் பேர் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

"இதெல்லாம் நல்ல மனசு, சேவை. இதைப்போய் தலைமை என்று சொல்லலாமா?" என்று ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. அதற்கு வேதாகமத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தின் 16-ம் அதிகாரத்தை யாரும் பிரசங்கத்துக்கு எடுப்பதில்லை. வெறும் பெயர்ப் பட்டியல், வாழ்த்துச் சொல்லுங்கள், வாழ்த்துச் சொல்லுங்கள் என்று போகும். என்னைக் கேட்டால் முழு நிருபத்திலும் சபை என்றால் என்ன என்று கண்ணுக்குத் தெரிகிற இடம் அதுதான். இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள். பலர் பெண்கள். அதில் முதலில் வருகிற பெபேயாளை கிரேக்க மூலத்தில் பவுல் 'தியாகோனோஸ்' என்கிறார். பிலிப்பியர் நிருபத்தின் தொடக்கத்தில் சபைப் பொறுப்பாளர்களைக் குறிக்கும் அதே சொல். அங்கே அது நமக்கு ஒரு பதவியாகத் தெரிகிறது. இங்கே பெபேயாளுக்கு வரும்போது நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது 'ஊழியக்காரி' ஆகிவிடுகிறது. இன்னொரு சொல் 'ப்ரோஸ்தாதிஸ்'. முன்னே நிற்பவர், பாதுகாவலராக இருப்பவர் என்கிற பொருள் உள்ள சொல். தமிழில் படிக்கும்போது யாரோ கைச்செலவுக்குக் காசு கொடுத்து உதவின அம்மா மாதிரித்தான் தோன்றும். மொழிபெயர்த்தவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'முன்னே நிற்கிறவள்' என்றால் நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை பாருங்கள், அதுதான் பிரச்சினை. அப்போஸ்தலர் நடபடிகள் 18-ல் அப்பொல்லோ என்ற பெரிய பேச்சாளரை வீட்டுக்கு அழைத்துப்போய்த் திருத்திச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். கூடாரம் தைக்கிற புருஷனும் பெண்டாட்டியும்! மைக் பிடித்தவனுக்குப் பாடம் எடுத்தது மைக் இல்லாதவர்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

கன்னியாகுமரி மாவட்டத்துப் புராட்டஸ்டண்ட் சபைகளின் கதையை எப்படிச் சொல்கிறார்கள்? 1806-ல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் மிஷனரி திருவிதாங்கூருக்கு வந்தார், சபை பிறந்தது. பொதுவாக இப்படித்தான். ஆனால் அவரை வரச்சொன்னது யார்? மயிலாடியைச் சேர்ந்த மகாராசன். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சாவூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன இடத்தில் கிறிஸ்தவ உபதேசத்தைக் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊர் திரும்பி, எந்த மிஷனரியும் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே தன் ஜனங்களைக் கூட்டி ஜெபம் நடத்த ஆரம்பித்துவிட்டார். தீண்டாமைக்கு ஆளான சமூகத்திலிருந்து வந்தவர். எதிர்ப்பு வந்தது, அடி வந்தது. மறுபடி தஞ்சாவூர்ப் பக்கம் போய், தரங்கம்பாடியில் ரிங்கல்தௌபேயைப் பார்த்து, எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார். மயிலாடியில் 1809-ல் கோயில் எழும்பியது. 1816-ல் ரிங்கல்தௌபே உடம்புக்கு முடியாமல் கிளம்பிவிட்டார். அடுத்த மிஷனரி சார்லஸ் மீட் வந்து சேர்வதற்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷம் சபை கலைந்து போகாமல் வைத்திருந்தவர் அதே வேதமாணிக்கம்தான்.

குமரி மாவட்டத்தில் இந்தப் பெயரை இன்றைக்கும் சொல்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 'மிஷனரிக்கு உதவியாக இருந்தவர்' என்று சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். ஆரம்பித்தவர் அவர். கூப்பிட்டவர் அவர். வந்தவர் போன பிறகு காப்பாற்றியவரும் அவர். யார் யாருக்கு உதவி?

பாளையங்கோட்டையில் இன்னொரு கதை. தஞ்சாவூர் மராத்திய பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு விதவை. ஒரு ஆங்கில ராணுவ அதிகாரியோடு வாழ்ந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, கல்யாணம் இல்லாமல் வாழ்கிறாய் என்று சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். (பாஸ்டரை எங்கள் பக்கம் 'ஐயர்' என்றுதான் சொல்வோம். சாதியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் :-) ) அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-ல் அதே சுவார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவர்தான் கிளாரிந்தா. 1780-ல் பாளையங்கோட்டை சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர். அந்தச் சின்னக் கூட்டத்துக்கு நடுவில் நின்றவர் இந்த அம்மா. 1785-ல் அங்கே எழும்பிய கோயிலை ஜனங்கள் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்று சொன்னார்கள். கவனியுங்கள், எந்த ஐயர் பெயரும் ஒட்டவில்லை! சத்தியநாதன் என்ற உபதேசியாருக்குக் குருப்பட்டம் கிடைத்தது 1790-ல்தான். அதாவது, குருப்பட்டம் பெற்ற உள்ளூர்க்காரர் ஒருவர் வருவதற்குப் பல வருஷம் முன்பே அந்தச் சபை நடந்துகொண்டிருந்தது. இன்றைக்கு அதே கிளாரிந்தா வந்து ஒரு சேகர கமிட்டித் தேர்தலில் நின்றால் வேட்புமனுவை ஏற்றுக்கொள்வார்களா? 'ஒழுக்கம்' என்று ஒரு ஆட்சேபம் முதல் நாளே வந்துவிடும்.

மூன்றாவது டோனாவூர். ஏமி கார்மைக்கேல் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். தெரிய வேண்டியதுதான், 1951-ல் இறக்கும்வரை இங்கேயே இருந்தவர். ஆனால் பொன்னம்மாள் என்று சொன்னால் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சின்ன வயதிலேயே விதவையானவர். ஏமியோடு சேர்ந்து ஊர் ஊராகப் போனவர். டோனாவூர்க் குழந்தைகளில் கைக்குழந்தைகளாக இருந்தவர்களுக்கு, மருத்துவமனை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நெய்யூரில் ஒரு காப்பகம் வைத்தார்கள். அதைப் பொறுப்பெடுத்து நடத்தியவர் அவர். புற்றுநோயால் 1915-ல் இறந்தார். அவரைப் பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது. எழுதியவர் ஏமியே. ஆங்கிலத்தில். பக்கத்து ஊர்க்காரர்கள் நாம் யாரும் எழுதவில்லை, அயர்லாந்துக்காரி எழுதினார். இதில் வெட்கப்பட வேண்டியது யார்?

"இதெல்லாம் மிஷனரி காலம், அப்போது ஆள் பற்றாக்குறை, அதனால் சாதாரண ஜனங்கள் செய்தார்கள். இப்போது பட்டம் படித்த குருமார்கள் இருக்கிறார்களே?" இப்படி ஒரு வாதம் வரும். அதாவது சாதாரண ஜனங்களின் தலைமை ஒரு ஸ்டெப்னி டயர். நல்ல டயர் வந்ததும் கழற்றி டிக்கியில் போட்டுவிட வேண்டும்!

இதற்குப் பதில் சொல்ல கொஞ்ச தூரம் போக வேண்டியிருக்கிறது. ஆனால் வழி நம் கடற்கரையிலிருந்துதான். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தான் ஒருத்தர் எல்லா ஊரிலும் இருக்க முடியாது என்று புரிந்துகொண்டு, ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர் ஆளை வைத்து ஜெபம் சொல்லிக்கொடுக்கவும், அவசரத்துக்குக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். கணக்கப்பிள்ளை என்று பெயர். அதே சவேரியார் 1549-ல் ஜப்பான் போனார். அங்கே என்ன நடந்தது தெரியுமா?

1614-ல் ஜப்பான் முழுவதும் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. குருக்கள் நாடு கடத்தப்பட்டார்கள், ஒளிந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 1644-ல் கடைசிக் குருவும் போனார். அதற்குப் பிறகு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அந்த நாட்டில் ஒரு பாதிரியார் கூட இல்லை. பூசை இல்லை, பிஷப் இல்லை, செமினரி இல்லை, அச்சடித்த வேதாகமம் இல்லை. சந்தேகப்பட்டால் இயேசு, மாதா உருவத்தை மிதிக்கச் சொல்வார்கள். பிடிபட்டால் சித்திரவதை. நம் கணக்குப்படி சபை பத்து வருஷத்தில் செத்திருக்க வேண்டும்.

1865 மார்ச் 17. நாகசாகியில் வெளிநாட்டவருக்காகப் புதிதாகக் கட்டின ஓரா கோயிலுக்கு உராகாமி கிராமத்திலிருந்து ஒரு சின்னக் கூட்டம் வந்தது. ஒரு பெண், பெத்தித்ஜான் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் அருகில் வந்து, எங்கள் மனசும் உங்கள் மனசும் ஒன்றுதான் என்று மெதுவாகத் தெரிவித்தார். மாதா சிலை எங்கே என்று கேட்டார். பாதிரியார் ஆடிப்போய்விட்டார். ஏழெட்டுத் தலைமுறை தாண்டி சபை உயிரோடு இருந்தது!

எப்படி? விவசாயிகளும் மீனவர்களும் தங்களுக்குள் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். பண்டிகை நாட்களின் காலண்டரைக் காப்பாற்ற ஒருவர். ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்ற ஒருவர். வீடு வீடாகச் செய்தி சொல்ல ஒருவர். அவ்வளவுதான் அமைப்பு. பகலில் வயல், ராத்திரி ஜெபம். வெளியில் தெரிந்தால் சாவு என்பதால் இவர்களுக்குப் புகழ் கிடைக்க வழியே இல்லை. பெயர் தெரியாமல் செய்தார்கள், பெயர் தெரியாமல் செத்தார்கள். வெளிப்பட்ட பிறகும் விடவில்லை. 1867-லிருந்து உராகாமி ஜனங்கள் 3000-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து நாடு முழுக்கச் சிதறடித்தார்கள். 1873-ல்தான் தடை விலகியது.

இப்போது சொல்லுங்கள், எது டயர், எது ஸ்டெப்னி? பாதிரியார் இல்லாமல் சபை இரண்டு நூற்றாண்டு இருந்திருக்கிறது. அத்தைமார்கள் இல்லாமல் ஒரு சபை இரண்டு மாசம் இருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

இந்தப் பக்கம் பட்டமும் பதவியும் என்ன செய்துகொண்டிருக்கின்றன? 1947-ல் பல சபைப் பிரிவுகள் ஒன்றுசேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானது. உலகமே திரும்பிப் பார்த்த காரியம் அது. அதே திருச்சபையின் சினாட் தேர்தல் தகராறு கோர்ட்டுக்குப் போய், 2024-ல் சென்னை உயர்நீதிமன்றம் ஓய்வு பெற்ற நீதிபதிகளை நிர்வாகிகளாக நியமிக்க வேண்டி வந்தது. வழக்கு அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் வக்கீல் இல்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த வழக்கு நடந்த மாதங்களில் உங்கள் ஊர்ச் சபையில் ஒரு ஞாயிறு ஆராதனையாவது நின்றதா? ஒரு அடக்க ஆராதனை தள்ளிப்போனதா? பிடியரிசிக் கலயத்தில் ஒரு நாளாவது அரிசி விழாமல் இருந்ததா? உச்சியில் யார் உட்காருவது என்று முடிவாகாதபோதும் கீழே எல்லாம் நடந்ததென்றால், எது உச்சி, எது அடித்தளம் என்று நமக்கு ஏன் இன்னும் புரியவில்லை?

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் குருமார்களுக்கு எதிரி இல்லை. நாலைந்து ஊர்களைச் சேர்த்து ஒரு சேகரம், அத்தனைக்கும் ஒரே ஐயர், ஞாயிற்றுக்கிழமை ஒரு கோயிலிலிருந்து இன்னொரு கோயிலுக்கு பைக்கில் ஓடுகிற மனுஷன் மேல் எனக்குப் பரிதாபம்தான். அவரே பல நேரம் மைக் இல்லாத மேய்ப்பர்களில் ஒருவர். என் சண்டை பதவிதான் தலைமை என்று நம்புகிற மனசோடு.

இப்போது முக்கியமான மறுப்புக்கு வருகிறேன். மிகவும் பக்தியான மறுப்பு இது. "அவர்கள் அமைதியாக இருப்பதே அவர்கள் மகிமை. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பதுதானே போதனை. நீ அவர்களை வெளிச்சத்துக்கு இழுத்தால் கெடுத்துவிடுவாய். அந்தரங்கத்தில் பார்க்கிறவர் பலன் கொடுப்பார்."

கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் இதை யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் மேடையில் இருக்கிறவர். மாலை போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்தவர் மாலை இல்லாமல் இருப்பதன் மகிமையைப் பற்றிப் பேசுகிறார். தாழ்மை என்பது நான் எனக்கு விதித்துக்கொள்ள வேண்டியது. இன்னொருத்தர் தலையில் நான் வைத்து அழுத்தினால் அதற்குப் பெயர் தாழ்மை இல்லை, அமுக்குவது. மலைப்பிரசங்கத்தின் அந்தப் போதனை தர்மம் செய்கிறவனைப் பார்த்துச் சொன்னது, 'நீ தம்பட்டம் அடிக்காதே' என்று. தர்மம் வாங்கிக்கொண்டவர்கள் நன்றி மறக்கலாம் என்று அதில் எங்கேயும் இல்லை.

உபதேசியார்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். முதல் இந்திய புராட்டஸ்டண்ட் குருவாக ஆரோன் குருப்பட்டம் பெற்றது 1733-ல். இடையில் 27 வருஷம். அந்த 27 வருஷமும் வெள்ளைக்காரர் பேச்சை ஜனங்களுக்குப் புரிகிற தமிழாக்கி, நோயாளியைப் பார்த்து, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்களில் உள்ளூர் உபதேசியார்களும் உண்டு. பின்னால் திருநெல்வேலியில் வேதாகமப் பெண்கள் வந்தார்கள். வீட்டுக்குள் அடைபட்ட பெண்களிடம் போய் வேதத்தோடு எழுத்தையும் கற்றுக்கொடுத்தார்கள். இவர்கள் கூலி எப்போதும் கொஞ்சம்தான். அர்ப்பணிப்பு என்று புகழ்ந்தால் சம்பளம் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை பாருங்கள். 'அமைதியான ஊழியம்' என்ற பாராட்டு பல நேரம் ஒரு சிக்கன நடவடிக்கை!

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். அமைதியாக இருப்பவர்கள் எல்லாரும் பரிசுத்தவான்கள் என்று நான் கதை விடவில்லை. 19-ம் நூற்றாண்டில் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக உட்காரும்படி கோயிலையே இரண்டு கிளையாகக் கட்டினார்கள். அதில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் சாதாரண, அமைதியான ஜனங்கள்தான். திண்ணையில் உட்கார்ந்து ஜெபிக்கிற அதே அத்தை, கல்யாணப் பேச்சு வந்தால் சாதி விசாரிக்கவும் கூடும். அதனால்தான் சொல்கிறேன், இவர்களிடம் இருப்பது நிஜமான அதிகாரம். ஜனங்கள் இவர்கள் சொன்னால் கேட்கிறார்கள். நிஜமான அதிகாரம் என்றால் அதற்குப் பொறுப்பும் கேள்வியும் உண்டு. 'பாவம், நல்ல மனுஷி' என்று தலையைத் தடவிவிட்டுப் போனால் நாம் அவர்களுடைய நல்லதையும் மதிக்கவில்லை, கெட்டதையும் தட்டிக்கேட்கவில்லை என்று அர்த்தம்.

அப்படியானால் என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள்.

தயவுசெய்து சால்வை போடாதீர்கள். வருஷத்துக்கு ஒரு நாள் 'மூத்த ஊழியர்களைக் கௌரவித்தல்' என்று மேடையில் ஏற்றி, ஒரு ஷீல்டு கொடுத்து, போட்டோ எடுத்து இறக்கிவிடாதீர்கள். அதுவும் பிளக்ஸ் போர்டுக் கலாசாரம்தான். இவர்களுக்கு வேண்டியது கைதட்டல் இல்லை, காது. உபதேசியாரை வேறு ஊருக்கு மாற்றுவதற்கு முன்னால் அந்த ஊரில் அவர் யார் யார் வீட்டுச் சாவுக்கு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார் என்று கேளுங்கள். ஏழைக் குடும்பங்களுக்கு உதவி என்று லிஸ்ட் போடும்போது, யார் வீட்டில் உலை வைக்கவில்லை என்று தெரிந்த அத்தையைக் கமிட்டியில் உட்கார வையுங்கள். உட்கார வைப்பது என்றால் டீ கொடுக்க இல்லை, ஓட்டுப் போட. 2013-ல் நந்தியால் பேராயத்துக்குப் புஷ்பலலிதா சி.எஸ்.ஐ.-யின் முதல் பெண் பிஷப் ஆனார். நல்லது, சந்தோஷம். ஆனால் ஒரு பெண் உச்சியில் உட்கார முடிகிற சபையில், உங்கள் ஊர்க் கமிட்டியில் எத்தனை பெண்கள் வாயைத் திறந்து பேசுகிறார்கள்? கூட்டமே பீடிக் கடைக்குக் கணக்குக் கொடுக்கப் போகிற சாயங்கால நேரத்தில் வைத்தால் அவர்கள் எப்படி வருவார்கள்?

கடைசியாக என் வகுப்பு நண்பர்களுக்கு. நம்மால் சினாட்டைத் திருத்த முடியாது. டி.சி. எலெக்‌ஷனை நிறுத்தவும் முடியாது. ஆனால் நம் எல்லோரிடமும் செல்போன் இருக்கிறது, அதில் ரெக்கார்டர் இருக்கிறது. கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள், அசனத்துக்குச் சோறு வடிக்கிற தாத்தாவிடமும் மணி அடிக்கிறவரிடமும் சண்டே ஸ்கூல் டீச்சரிடமும் அரை மணி நேரம் உட்காருங்கள். இந்தக் கோயில் எப்படி வந்தது, கஷ்டக் காலத்தில் யார் யாரைத் தாங்கினார்கள், யார் விட்டுப் போனார்கள் என்று கேளுங்கள். தமிழில் எழுதி வையுங்கள். பொன்னம்மாளைப் பற்றி எழுத ஒரு அயர்லாந்துக்காரி இருந்தார். உங்கள் ஊர்ப் பொன்னம்மாளைப் பற்றி எழுத வெளியூரிலிருந்து யாரும் வரப்போவதில்லை.

ஜப்பான்காரர்கள் பெயரை மறைத்தார்கள், தெரிந்தால் உயிர் போகும் என்று. நம் ஊரில் யார் உயிரும் போகாது. அப்புறம் எதற்காக மறைத்து வைத்திருக்கிறோம்?